வாயில் தண்ணீர் வைக்கும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பக்கவாதம், தலைக்காயம், வாய், தொண்டைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் அரசு, தனியார் மருத்துவமனைப் பொறுப்பாளர்களுக்கும், மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும்,

பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் சீட்டில் சாப்பாட்டைப் பற்றி இருப்பது பெரும்பாலும் இரண்டே சொல். 'ஆர்டி ஃபீட்' (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயில் உணவு), அல்லது 'சாஃப்ட் டயட்' (மென்மையான சாப்பாடு). குழாய் வழியாக எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை, குழாயை எப்போது எடுப்பது, யார் பார்த்து எடுப்பது என்று எதுவும் இருக்காது. 'சாஃப்ட்' என்றால் எந்த அளவுக்கு மென்மை என்றும் இருக்காது. பென்னாகரம் பக்கத்தில் அந்தச் சீட்டோடு அப்பாவைக் கூட்டிப் போகும் மகளுக்கு மென்மையான சாப்பாடு என்றால் களிதான். கேழ்வரகுக் களியை நம் பக்கத்தில் யாரும் மெல்லுவதில்லை. உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவோம். நாக்கிலும் தொண்டையிலும் ஒரு பக்கம் வலுவிழந்தவருக்கு அந்த உருண்டை மேலண்ணத்தில் ஒட்டும், தொண்டைக்குழியில் தேங்கும், அடுத்த மூச்சில் குரல்வளைக்குள் சரியும். மகள் செய்ததில் தவறில்லை. சீட்டில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்.

நாங்கள் இந்த இரு மாவட்டங்களிலும் விழுங்குதல் பயிற்சி, இயன்முறை வைத்தியம், வீட்டுப் பராமரிப்பு பார்ப்பவர்கள். நீங்கள் அனுப்பிய பிறகு அந்த நோயாளிகள் என்ன ஆகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். திரும்பத் திரும்ப வரும் 'சளிக் காய்ச்சல்', உடல் இளைப்பு, மாதக்கணக்கில் மாற்றாமல் மூக்கிலேயே விறைத்துப்போன குழாய். இவற்றில் கணிசமான பங்கு தவிர்க்கக்கூடியது. தவிர்ப்பதற்கான வழிகள் பல ஆண்டுகளாக ஆய்வில் நிரூபணமாகி, செலவில்லாமல் கிடக்கின்றன. இதற்கு மேலும் சும்மா இருக்க முடியாது என்பதால் எழுதுகிறோம்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவதில் கோளாறு இருக்கிறது. 2005-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, விழுங்குதல் கோளாறு உள்ளவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்றும், உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது உறுதியானவர்களுக்குப் பதினோரு மடங்கு என்றும் கணக்கிட்டது. புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கரண்டியை ஊட்டுவது நம் வழக்கம். இருமல் வருகிறவருக்காவது தொண்டை காவல் காக்கிறது. நரம்பு உணர்ச்சி மரத்துப்போனவருக்கு இருமலே வராது. கஞ்சி நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும், அவரோ அமைதியாகச் சாப்பிடுவதுபோல் தெரிவார். 'நல்லா சாப்பிடுறார்' என்ற வார்த்தையை மட்டும் நம்பிக் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள் என்று கேட்பது இதனால்தான்.

சோதிப்பதற்கு இயந்திரம் வேண்டாம். வார்டில் இருக்கும் செவிலியர் பத்து நிமிடத்தில் செய்யலாம். நோயாளி விழிப்பாக இருக்க வேண்டும், குறைந்தது பதினைந்து நிமிடம் நிமிர்ந்து உட்காரத் தாங்க வேண்டும். முதலில் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு வாயோடு சோதித்தால் சோதனைத் தண்ணீரே கிருமியை உள்ளே கொண்டுபோகும். 'ஆ' சொல்லச் சொல்லிக் குரலைக் கேளுங்கள். தானாக இருமச் சொல்லுங்கள். எச்சிலை விழுங்குகிறாரா, கடைவாயில் வழிகிறதா என்று பாருங்கள். இதுவரை சரியென்றால் ஒரு தேக்கரண்டி தண்ணீர், மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி 'ஆ'. குரல் களகளவென்று ஈரமாக மாறினால் அங்கேயே நிறுத்துங்கள். மாறாவிட்டால் டம்ளரில் 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லுங்கள். குடிக்க முடியாமல் நிறுத்தினாலோ, குடிக்கும்போதோ முடித்த ஒரு நிமிடத்துக்குள்ளோ இருமினாலோ, குரல் ஈரமானாலோ, தேறவில்லை என்று பொருள். வாய்வழி எதுவும் கூடாது, மாத்திரையும் கூடாது.

ஏன் 90 மில்லி? ஒரு கரண்டித் தண்ணீரில் வெளிப்படாத கசிவு, தொடர்ச்சியாகப் பெரிய அளவு இறங்கும்போது வெளிப்பட்டுவிடுகிறது. 2008-ல் அமெரிக்காவில் 3,000 நோயாளிகளிடம் இதே சோதனையையும், மூக்கு வழி எண்டாஸ்கோப் பார்வையையும் ஒப்பிட்டார்கள். மூச்சுக்குழாய்க்குள் இறங்கியவர்களில் 96 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்ச் சோதனையிலேயே பிடிபட்டார்கள். ஆனால் அதே ஆய்வில், உள்ளே எதுவும் இறங்காதவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர் தேறவில்லை. ஆகவே தேறாதவர் எல்லாருக்கும் குழாய் போட்டு அனுப்பிவிடுவதும் தவறு. தேறியவருக்குச் சாப்பாடு கொடுக்கலாம்; தேறாதவரைத் தெரிந்தவர் ஒருவர் அடுத்த கட்டமாகப் பார்த்தாக வேண்டும். எங்கள் மாவட்டங்களில் அறுந்துகிடப்பது இந்த இரண்டாம் கண்ணிதான்.

செவிலியர் கையில் இருக்கும் இந்தச் சோதனைக்கு உயிரைக் காக்கும் வலு உண்டு என்பதற்கு ஆஸ்திரேலியாவின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சான்று. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் இம்மூன்றையும் செவிலியர்கள் ஒழுங்காகக் கவனித்த பிரிவுகளில், 90 நாள் கழித்து இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் 42 சதவீதம். வழக்கம்போல் நடந்த பிரிவுகளில் 58. புது மருந்து எதுவும் தரவில்லை. பக்கவாதத்துக்கு இவ்வளவு பலன் தரும் ஊசி ஒன்று வந்திருந்தால் அதை வாங்க டெண்டர் விட்டிருப்பீர்கள்.

அடுத்தது பதம். 'கெட்டியாகக் கொடுங்கள்' என்று சொல்வது அறிவுரை ஆகாது, ஒவ்வொரு வீட்டுக்கும் கெட்டி வேறு. உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எண்ணிட்டுப் பிரிக்கும் ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுமுறை 2015 முதல் இருக்கிறது. நீர்ப்பதத்தை அளக்க அதற்கு வேண்டியது ஒரு 10 மில்லி சிரிஞ்சு. முனையில் மரை இல்லாத சாதா சிரிஞ்சாக இருக்கட்டும். பூஜ்யக் கோட்டிலிருந்து 10 மில்லிக் கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், நீளம் மாறினால் கணக்கும் மாறும். தள்ளுகோலை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மில்லி கஞ்சியை ஊற்றுங்கள். விரலை எடுத்துப் பத்து விநாடி விட்டு மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மில்லிக்கும் குறைவென்றால் அது தண்ணீர்தான், 0. 1 முதல் 4 மில்லி நின்றால் முதல் நிலை, 4 முதல் 8 இரண்டாம் நிலை. 8-க்கு மேல் நின்றும் கொஞ்சம் ஒழுகினால் மூன்றாம் நிலை. சொட்டே இறங்காவிட்டால் நான்கு. அதைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழுக்கி விழ வேண்டும், ஒட்டிக்கொண்டு நின்றால் அது கொடுக்கத் தக்கதல்ல. களி நிற்கும்.

கேழ்வரகுக் கஞ்சியை இந்தச் சிரிஞ்சில் அளக்கும்போது இரண்டு விஷயம் கைமீறும். சூடாக இருக்கும்போது இரண்டாம் நிலை காட்டும் கஞ்சி ஆறியதும் மூன்றையோ நான்கையோ தொடும். அதனால் ஊட்டும் சூட்டில்தான் அளக்க வேண்டும். இன்னொன்று எச்சில். மாவுச்சத்தை எச்சிலில் உள்ள நொதி கரைத்துவிடும். ஊட்டிய கரண்டியையே திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் போட்டால், பாதிக் கிண்ணம் தீர்வதற்குள் மீதி நீர்த்துவிடும். முதல் பத்துக் கரண்டி நன்றாகப் போய், கடைசியில் இருமல் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. கெட்டிப்படுத்துவதற்கென்று கடையில் விற்கும் சாந்தன் பிசின் பொடிக்கு இந்தக் கோளாறு இல்லை, ஆனால் விலை நம் மக்களுக்குக் கட்டுப்படியாகாது. கெட்டிப்படுத்தியதையே கொடுத்தால் உடலில் நீர்ச்சத்து குறையும் என்பதையும், எல்லாருக்கும் கெட்டிதான் நல்லது என்பதற்கு ஆய்வு ஆதரவு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

ரசஞ்சாதம், தண்ணீர் பிரிந்து நிற்கும் பழைய சோறு, உதிரி இட்லியோடு சாம்பார் எல்லாம் மென்மையானவை என்று வீட்டில் நினைப்பார்கள். நீரும் பருக்கையும் கலந்த உணவுதான் இவர்களுக்கு மிகக் கடினம்: பருக்கையை வாய் மெல்லும்போதே நீர் தொண்டைக்குள் ஓடிவிடும். குழைய வேகவைத்த சாமைச் சோற்றைத் தயிரோடு மசித்து நீர் பிரியாமல் கொடுக்கலாம். கிருஷ்ணகிரியில் பஞ்சமில்லாத மாங்கூழ் பலருக்குச் சரியாக இறங்கும். நாரை வடித்துவிட்டு, சிரிஞ்சில் அளந்த பிறகு, சர்க்கரை நோயைக் கணக்கில் வைத்துத்தான். இதையெல்லாம் சீட்டில் எழுத ஐந்து வரி போதும்.

மூக்குக் குழாய்க்கு வருவோம். குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஸ்டெதஸ்கோப் வைத்துக் காற்று ஊதிக் கேட்பது இன்னும் நடக்கிறது. அந்தச் சத்தம் குழாய் நுரையீரலில் இருந்தாலும் கேட்கும். இங்கிலாந்தில் 2005-லேயே இதை நம்பக்கூடாது என்று எச்சரித்துவிட்டார்கள். குழாய் வழியே உறிஞ்சி எடுத்த நீரை, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் தொட்டு 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் சாப்பிடுகிறவருக்கு அளவு ஏறியிருக்கலாம், அப்போது எக்ஸ்ரே. மூக்குத்துவாரத்தில் குழாய் எந்த சென்டிமீட்டரில் நிற்கிறது என்று மார்க்கர் கோடு போட்டு, அந்த எண்ணைச் சீட்டில் எழுதினால், ஒவ்வொரு முறை ஊற்றும் முன்னும் வீட்டார் கோட்டைப் பார்த்துக்கொள்வார்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்வு, ஊற்றிய பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அதே நிலை. ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து அதன் போக்கில் பதினைந்து இருபது நிமிடத்தில் இறங்க வேண்டும். தள்ளுகோலால் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். இல்லாவிட்டால் கேழ்வரகு மாவு குழாயின் உட்சுவரில் படிந்து அடைத்துவிடும்.

மாத்திரை விஷயம் இதைவிட மோசம். குழாய் போட்டவரின் சீட்டில் மெதுவாகக் கரையும் மாத்திரைகளை அப்படியே எழுதிவிடுகிறார்கள். வீட்டில் அம்மியில் பொடித்து ஊற்றுகிறார்கள். நிஃபெடிபின் ரிட்டார்ட் மாத்திரையைப் பொடித்தால் நீண்ட நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கி இரத்த அழுத்தம் சரியும். பான்டோபிரசோலைப் பொடித்தால் இரைப்பை அமிலமே அதை அழித்துவிடும், பலனில்லை. 'எஸ்ஆர்', 'எக்ஸ்ஆர்', 'ரிட்டார்ட்' என்று முடிகிற ஒவ்வொன்றுக்கும் மாற்று எழுத மருந்தாளுநர் ஒருவரின் ஐந்து நிமிடம் போதும்.

குழாய் போட்டால் நிமோனியா வராது என்பதும் தவறான நிம்மதி. எச்சில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வாய்வழி சாப்பிடாதவர் வாயை யாரும் தேய்ப்பதில்லை என்பதால் அந்த எச்சிலில் கிருமி கூடுதல். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு பார்த்ததில், வேளைக்கு வேளை பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதத்துக்கும், மற்றவர்களில் 19 சதவீதத்துக்கும் நிமோனியா வந்தது. ஒரு பிரஷ்ஷின் விலை என்ன?

பக்கவாதத்தில் விழுங்கும் திறன் பலருக்கு முதல் சில வாரங்களிலேயே திரும்பிவிடுகிறது. திரும்பியதா என்று பார்க்க ஆள் இல்லாததால் குழாய் நிற்கிறது. குழாய் நிற்பதால் விழுங்குவதில்லை. விழுங்காத தசை மெலிகிறது. நான்கு வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றுவழிக் குழாயைப் பற்றிப் பேச வேண்டும். அதை முதல் வாரங்களிலேயே அவசரமாகப் போடுவதும் நல்லதல்ல என்று 2005-ன் 'ஃபுட்' ஆய்வு காட்டியது. எந்த வழியானாலும் மறுபரிசோதனைத் தேதி இல்லாமல் ஒரு குழாயை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

புதிய சிகிச்சைகளைப் பற்றிக் குடும்பங்கள் எங்களிடம் கேட்கின்றன. சில தனியார் இடங்களில் கழுத்தில் மின்தூண்டல் கருவியை ஒட்டிப் பெருந்தொகை வாங்குகிறார்கள். பயிற்சியோடு சேர்த்தால் சிலருக்குப் பலன் இருக்கலாம். சோதிக்காமல், பயிற்சி தராமல், கருவி மட்டும் ஒட்டுவதை நாங்கள் எதிர்க்கிறோம். தொண்டைக்குள்ளேயே மின்தூண்டல் கொடுக்கும் முறை 2016-ன் பெரிய ஆய்வொன்றில் சாதாரணப் பக்கவாத நோயாளிகளுக்குப் பலன் காட்டவில்லை. ஆனால் கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாய் வைக்கப்பட்டவர்களிடம் 2018-ல் வந்த முடிவு வேறு: சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம் பேர் அந்தக் குழாயை எடுக்கத் தயாரானார்கள், பெறாதவர்களில் 9 சதவீதம். தொப்பூர் கணவாயில் அடிபட்டு வரும் தலைக்காயக்காரர்களை நினைத்தால் இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. அந்த ஆய்வு பக்கவாதத்தில் நடந்தது, தலைக்காயத்துக்கு அப்படியே பொருத்த முடியாது, கவனித்துக்கொண்டிருக்க வேண்டியது. விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 முதல் இருக்கிறது. பிழைத்தவர் மறுபடி வாயால் சாப்பிடுவதற்கும் வழி வேண்டாமா?

விலையில்லாத பயிற்சிகளுக்கும் ஆய்வு பின்பலம் உண்டு. மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் உயர்த்திக் கால்விரலைப் பார்ப்பது: ஒரு நிமிடம் நிறுத்தி ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை, பிறகு தொடர்ந்து முப்பது முறை ஏற்றி இறக்குவது, நாளுக்கு மூன்று வேளை, ஆறு வாரம். மேல் உணவுக்குழாயின் வாய் திறக்காதவர்களுக்கு இது உதவுகிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர், கழுத்தில் துளைக்குழாய் உள்ளவர் செய்யக் கூடாது. அவர்களில் ஏற்றவருக்கு, முகவாய்க்கட்டைக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அழுத்தும் பயிற்சி. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு எதிர்விசையுள்ள ஊதுகருவியில் ஐந்து ஊதல், ஐந்து சுற்று, வாரம் ஐந்து நாள், நான்கு வாரம் செய்வித்த ஆய்வு 2010-ல் நல்ல பலன் காட்டியது. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவருக்குப் பயிற்சியைச் சிகிச்சை முடிந்தபின் தொடங்குவது தாமதம். கதிர்வீச்சு நாட்களிலேயே விழுங்கப் பழக்கினால் தசை காப்பாற்றப்படுகிறது. பெங்களூருக்கும் சென்னைக்கும் கதிர்வீச்சுக்குப் போய்த் திரும்புவோரை இங்கே யாரும் இதற்காக அழைப்பதில்லை.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டும். முதலில் களியும் சோறும் நெஞ்சில் அடைத்து, பிறகு கஞ்சியும் அடைக்கிறது என்றால் அது தொண்டைக் கோளாறல்ல, உணவுக்குழாய்ச் சுருக்கமோ புற்றோ ஆக இருக்கலாம். கழிப்பறை ஆசிட் குடித்துப் பிழைத்தவர்களுக்கும் இப்படி வரும். அவர்களுக்குப் பயிற்சி உதவாது, உடனே எண்டாஸ்கோப்பி வேண்டும். வாயுத் தொல்லைக்கான 'கேஸ்' மாத்திரையில் மாதங்களை வீணாக்கக் கூடாது.

எல்லாவற்றையும் வீட்டார் தலையில் கட்டிவிட முடியாது. பக்கவாத மறுவாழ்வைக் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து அவர்களையே செய்யவைத்தால் போதுமா என்று இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் வழக்கமான பராமரிப்பைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. அது விழுங்குதலுக்கென்று நடந்த ஆய்வல்ல என்றாலும், பயிற்சி பெற்ற ஆளுக்கு மாற்றாகத் துண்டுப்பிரசுரம் போதும் என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

பக்கவாதம், தலைக்காயம் என்று சேர்க்கப்படும் எவருக்கும், சேர்த்த நான்கு மணி நேரத்துக்குள் மேலே சொன்ன சோதனை நடந்து, நேரமும் முடிவும் கேஸ் ஷீட்டில் பதிய வேண்டும். அதற்கு முன் தண்ணீரோ மாத்திரையோ வாயில் வைக்கக் கூடாது. இரவுப் பணிச் செவிலியர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும். பகலில் மட்டும் நடக்கும் சோதனை இரவில் வருகிறவரைக் காப்பாற்றாது. பயிற்சியை நாங்கள் ஊதியமின்றி நடத்தித் தருகிறோம்.

தேறாதவரை 72 மணி நேரத்துக்குள் பேச்சு, விழுங்குதல் பயிற்சியாளர் ஒருவர் பார்க்க வேண்டும். 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்றொரு கதவாவது இருக்கிறது. பெரியவர்களுக்கு அதுபோல ஒன்று வேண்டும்: மாவட்டத்துக்கு இரண்டு பேராவது, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள், பெரியவர்களுக்கென்றே நியமிக்கப்பட வேண்டும். மூக்குவழி விழுங்குதல் பார்வைக்குக் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பயன்படும் வளையும் எண்டாஸ்கோப்பும், சாயமிட்ட பாலும், பழகிய இருவரும் போதும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரே ஓர் இடத்தில், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் அதை நடத்துங்கள். அஞ்செட்டியிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ படுத்த படுக்கையாய் ஒருவரைக் கொண்டுபோகச் சொல்வது, போகாதே என்று சொல்வதற்குச் சமம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் தனிப் பகுதி வேண்டும்: உணவின் நிலை எண், நீரின் நிலை எண், உட்காரும் முறை, குழாய் நிற்கும் சென்டிமீட்டர், குழாய் மாற்றும் தேதி, மறுபரிசோதனைத் தேதி, பொடிக்கக் கூடாத மாத்திரைகள். தமிழில் மட்டும் போதாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். அதன் இயன்முறை வைத்தியரும் நோய் ஆதரவுச் செவிலியரும் ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் பையில் பிஎச் தாளும் 10 மில்லி சிரிஞ்சும் சேர்த்து, மூக்குக் குழாயோடு வீடு திரும்பிய ஒவ்வொருவரையும் இரண்டாம் வாரத்தில் மறுபடி சோதிக்கும் பொறுப்பை அவர்களிடம் எழுத்தில் ஒப்படையுங்கள்.

கடைசியாக, பக்கவாதத்துக்காகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு மருத்துவமனையிலேயே நிமோனியா வந்தது, எத்தனை பேர் குழாயோடு போனார்கள், எத்தனை பேருக்குக் குழாய் எடுக்கப்பட்டது என்ற மூன்று எண்களை மாதந்தோறும் வெளியிடுங்கள். இம்மடல் கிடைத்த 30 நாளுக்குள், இவற்றில் எதை எப்போது தொடங்குவீர்கள், எதை முடியாது என்கிறீர்கள், ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விழுங்குதல் பயிற்சி, இயன்முறை வைத்தியம், வீட்டுப் பராமரிப்புப் பணிகளில் இருப்போர்